ஏல மேடைக்கு வராத பெயர்கள்

ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியதிலிருந்து எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு பேச்சு ஓயவே இல்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் யாரை எடுத்தது, எடுத்தது சரியா, கொடுத்த காசுக்கு ஆடினார்களா என்பதுதான் அது. 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தின் பட்டியலைப் பயல்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு ஏலத்தில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதுதானே இந்த நாட்டில் நமக்கு எதிராக நெடுங்காலமாக நடந்துவரும் விளையாட்டு.

முதலில் ஆட்டக் கணக்கையே பார்ப்போம்.

ஆண்கள் லீகில் எட்டு அணிகள். 2024 ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் நான்கு கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் எட்டு, இந்தியர் பதினாறு; அந்தப் பதினாறில் நான்கு பேர் கட்டாயம் ஜூனியர்கள். அடிப்படை விலை இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மூன்று படி. 2013 முதல் 2017 வரை நடந்த பழைய லீகில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. ஆகவே டிராகன்ஸுக்கு இது முதல் ஏலம்.

அந்த முதல் ஏலத்தில் டிராகன்ஸ் செய்த மூன்று பெரிய செலவுகளைப் பாருங்கள். நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம். அமித் ரோஹிதாசுக்கு 48 லட்சம். அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூன்றும் சேர்த்து ஒரு கோடியே 34 லட்சம். கைக்காசில் மூன்றில் ஒரு பங்கு மூன்று பேரிடம் போயிற்று.

அதை வீண் என்று சொல்ல முடியாது. யான்சன் பெனால்டி கார்னரை கோலாக்குவதில் பேர்போனவர். ரோஹிதாஸ் அதற்கு நேர் எதிரான வேலைக்காரர்: எதிரணி பெனால்டி கார்னர் அடிக்கும்போது பந்துக்கு நேராக முதலில் ஓடிப்போய் உடம்பைக் கொடுத்துத் தடுப்பவர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்துக்கு முன்னால் ஓடுவது என்றால் சும்மாவா? பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி, அரையிறுதியில் அவர் இல்லாமல் போனபோது ஜெர்மனியிடம் இந்தியா 2-3 என்று தோற்றது. அந்த ஓர் ஆட்டம் போதும் அவர் விலையைச் சொல்ல. அவருக்கும் பின்னால் கோல் வாயில் ஹார்ட். ஆக, பெனால்டி கார்னரை அடிப்பதிலும் தடுப்பதிலும் காசைக் கொட்டிக் கட்டிய அணி. அந்த முதல் ஆண்டில் அணி அரையிறுதி வரை போனது. ஆட்டமாக மட்டும் பார்த்தால் எங்கள் மதிப்பெண் பத்துக்கு ஏழு. அரியலூரின் கார்த்தி செல்வத்தை எடுத்ததற்கு அரை மதிப்பெண் கூட. 2023-ல் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டையோடு அவர் ஓடியதைப் பார்த்த எவரும் அதற்குத் தடை சொல்ல மாட்டார்கள்.

இப்படி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் வகுப்புப் பயல் ஒருவன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல ஊர் பேரு போடலியே” என்றான். போட்டுப் பார்ப்போம் என்று பேருக்கு நேரே ஊரையும் எழுதத் தொடங்கினோம். கோல் கணக்கு சொல்லாததை அந்த ஒரு பத்தி சொன்னது.

ரோஹிதாசின் ஊர் சௌனாமாரா. ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இந்திய அணியின் முன்னாள் தலைவரும் இன்று ஹாக்கி இந்தியாவின் தலைவருமான திலீப் திர்க்கியும் அதே ஊர்க்காரர். ஒரு சின்ன ஊரிலிருந்து இத்தனை பேர் எப்படி? அந்த மண்ணின் ரத்தத்திலேயே ஹாக்கி இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மக்கள்தொகையில் பாதியளவு பழங்குடியினர் வாழும் அந்த மாவட்டத்தில், ஊருக்கு ஊர் வெட்டவெளி இருந்தது. ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்து ஊர்ப் போட்டிகள் நடந்தன. மூங்கில் குச்சியை வளைத்து ஆடினார்கள். அதன்மேல் அரசு ஒரு காரியம் செய்தது: ரூர்கேலாவில் பன்போஷ் விளையாட்டு விடுதியைக் கட்டி, பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே எடுத்து, தங்க இடமும் சோறும் படிப்பும் பயிற்சியும் கொடுத்தது. ரோஹிதாஸ் அந்த விடுதிப் பிள்ளை. பிறகு சுந்தர்கரின் 17 ஒன்றியங்களிலும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டத்தை ஒடிசா அரசு எடுத்தது.

டிராகன்ஸ் முதலாளி கொடுத்த 48 லட்சம், ஒடிசா அரசு இருபது ஆண்டுக்கு முன்பு போட்ட சோற்றுக்கும் சேர்த்துத்தான். ஏலத்தில் சுத்தியல் விழுந்த நாளில் யாரும் ரோஹிதாசைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் தேர்வானது அந்த விடுதி வாசலில்.

இதைத்தான் நாங்கள் சொல்ல வருகிறோம். ஓர் அணியின் பழைய ஏலங்களை ஆராய்கிறவர்கள் கடைசித் தேர்வை மட்டுமே ஆராய்கிறார்கள். அதற்கு முன்பு ஐந்தாறு தேர்வுகள் முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு நேரடி ஒளிபரப்பு இல்லை, சுத்தியல் இல்லை, பட்டியலும் இல்லை. நம் பிள்ளைகள் கழிக்கப்படுவது அங்கே.

முதல் தேர்வு: நிலம்

ஒரு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் 124 சென்ட். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த மனை மூன்று சென்ட். அதாவது ஒரு மைதானத்தில் எங்கள் வீடுகள் நாற்பத்தொன்றை வைத்துவிடலாம். ஒரு தெருவே முடிந்துவிடும். மூன்று சென்ட் மனையில் வீடு, கழிப்பறை, ஒரு முருங்கை மரம் போக மிஞ்சுவது கயிறு கட்டித் துணி காயப்போடும் இடம். பிள்ளை எங்கே ஓடுவான்? அறுவடை முடிந்த வயலில் ஓடினால் வயல்காரர் வருவார். கோவில் திடலுக்குப் போனால் அது ‘ஊர்’ப் பொது. அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் நாம் இல்லை என்பதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மைதானம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசா வரை போக வேண்டாம். நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குப் போனால் போதும். தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்களில் கால்பந்து இருக்கிறது. ஆடக் கடற்கரை மணல் இருக்கிறது, ஊருக்கு ஊர் மன்றங்கள் இருக்கின்றன, போட்டிகள் இருக்கின்றன. இரயுமன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019-ல் ஏ.டி.கே-வுக்கும் போனார். அந்த மக்களும் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள்தான். அவர்களுக்கும் சர்க்கார் ஒன்றும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் ஓட இடம் இருந்தது. அந்த இடத்துக்குள் வராதே என்று சொல்ல ஆள் இல்லை. இந்த இரண்டும் எங்கள் குடியிருப்புகளில் இல்லை.

இரண்டாம் தேர்வு: மட்டை

ஹாக்கியில் மட்டை வேண்டும். செயற்கைத் தரைக்கென்று தனிக் காலணி வேண்டும். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை வந்தபோது, அதுவரை பதக்கம் பதக்கமாக வாங்கிக்கொண்டிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. ஒரு நாட்டுக்கே அந்தத் தரை பழகவில்லை என்றால், செம்மண்ணில் ஆடிய ஒரு பிள்ளை நேராகப் போய் அதில் எப்படி நிற்பாள்?

எங்கள் மையத்துப் பெண் பிள்ளை ஒருத்திக்கு நடந்தது இது. ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளியில் ஹாக்கி அணிக்குத் தேர்வு என்றார்கள். போனாள். “சொந்த ஸ்டிக் இருக்கிறவங்க இந்தப் பக்கம், இல்லாதவங்க அந்தப் பக்கம்” என்று பிரித்தார்கள். இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு ஆட்டம். அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கூட்டம் பார்க்கிற வேலை. அவ்வளவுதான். யாரும் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பக்கம் நின்ற பதினோரு பேரில் ஒன்பது பேர் எங்கள் தெருக்களிலிருந்து போனவர்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசினோம். “நாங்க திறமையத்தான் பாக்கோம்” என்று பதில் வந்தது. கையில் மட்டையைக் கொடுக்காமல் எந்தத் திறமையைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

மூன்றாம் தேர்வு: தகவல்

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் நாள் எப்போது, எங்கே, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்ற செய்தி இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் போகிறது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே மைதானத்துக்கு வருகிறவர்களின் பெற்றோர். கட்டட வேலைக்கும் ரப்பர் பால் வெட்டவும் விடியும் முன் கிளம்பும் நம் அம்மா அப்பாக்களுக்கு அந்தச் செய்தி தேர்வு முடிந்த மறுவாரம் வரும். கோவில்பட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஹாக்கித் தரையைக் காட்டினோம். நாகர்கோவிலிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் தெளித்த நீலத் தரையைத் தொட்டுப் பார்த்து ஒருவன், “இதுல விழுந்தா அடிபடாதாண்ணே?” என்று கேட்டான். ஹாக்கி ஊர் என்று பேர் வாங்கிய கோவில்பட்டிப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். தூரம் கூட ஒரு தேர்வுதான்.

இத்தனையும் கடந்து ஒருவர் மேலே போய்விட்டால் என்ன நடக்கும்? வந்தனா கட்டாரியாவைக் கேளுங்கள். ஹரித்வாருக்குப் பக்கத்தில் ரோஷனாபாத் என்ற ஊரின் தலித் பெண். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. அன்று அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆட்கள் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று ஏசினார்கள். இந்தியாவுக்காக முந்நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய பெண் அவர்.

அந்த ஏச்சில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். விளையாட்டில் சாதி பார்க்கக் கூடாது, எண்ணக் கூடாது என்று நமக்குப் பாடம் எடுக்கிற சமூகம், தோற்ற அன்று இரவே எத்தனை தலித்துகள் என்று எண்ணிவிடுகிறது. எண்ணாமல் இருப்பது நம் கோரிக்கை வரும்போது மட்டும்தான்.

எண்ணியவர்கள் சிலர் நல்ல நோக்கத்தோடும் எண்ணினார்கள். 2018-ல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் வந்த கட்டுரை ஒன்று, 1932 முதல் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய சுமார் 290 ஆண்களில் தலித்துகள் நான்கு பேர் என்று கணக்கிட்டது. 1911-ல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த பல்வங்கர் பாலூவைத் தந்த சமூகத்தின் கணக்கு இது. பூனாவில் அவருக்கு மட்டும் மைதானத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள்; பந்தை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அணித் தலைமை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஹாக்கி கிரிக்கெட்டைப் போல் அல்ல, பழங்குடிப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் வரும் ஆட்டம் என்பது உண்மை. 1928-ல் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணிக்கே ஜெய்பால் சிங் முண்டா தலைவராகப் போனார். அதனால்தான் ஹாக்கியிடம் கேட்கிறோம். வழி திறந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்வது எளிது.

நம் மாவட்டத்திலோ எண்ணுவதிலேயே இன்னொரு சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கன்னியாகுமரியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேர். மாநிலத்தில் இருபது. இங்கே நாம் குறைவு என்று அதிகாரிகள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். கிறித்தவம் தழுவிய தலித்துகள் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலுக்கு வெளியே. அந்த நான்கில் அவர்கள் இல்லை. தேவாலயத்தில் தனி வரிசை, கல்லறையில் தனி மூலை, கணக்கில் மட்டும் பிற்படுத்தப்பட்டோர். மைதானத்தில் அவர்கள் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே ‘அந்தப் பக்க’த்தில்தான் நிற்கிறார்கள்.

விளையாட்டுத் தேர்வுகளுக்கு வந்தவர் எத்தனை, எடுக்கப்பட்டவர் எத்தனை, எந்த ஒன்றியம், எந்தப் பிரிவு என்று ஓர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பதிவேடு இல்லாத தேர்வைச் சரியென்றும் சொல்ல முடியாது, தப்பென்றும் சொல்ல முடியாது. டிராகன்ஸின் 24 பேரை அலசுகிறோமே, எப்படி? பட்டியல் இருக்கிறது, விலை இருக்கிறது, கோல் கணக்கு இருக்கிறது. முந்தைய தேர்வுகளுக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல் கொடுங்கள். மதிப்பெண்ணை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

‘அப்படியானால் டிராகன்ஸ் அணியில் இடஒதுக்கீடு கேட்கிறீர்களா, தரம் என்ன ஆகும்?’ இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தரம் பற்றி முதலில். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் 2016-ல் ஓர் இலக்கு வைத்தது: ஓராண்டு ஆட்டங்களின் சராசரியில், பதினொரு பேரில் ஆறு பேராவது வெள்ளையர் அல்லாதவராக, அதில் இருவராவது கறுப்பு ஆப்பிரிக்கராக இருக்க வேண்டும். அணி அழிந்துவிடும் என்றார்கள். 2025 ஜூனில் தெம்பா பவுமா என்ற கறுப்பர் தலைமையில் அந்த அணி லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. ரபாடா அந்த ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்தார். தரத்துக்கு ஒரு கேடும் வரவில்லை.

இனி டிராகன்ஸ். முதலாளியின் நான்கு கோடியில் எங்களுக்கு இத்தனை இடம் தா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் சந்தையில் இருப்பதைத்தான் வாங்குகிறார்கள். சந்தைக்கு யார் வருகிறார்கள் என்பதை முடிவு செய்வது நம் வரிப்பணம். விடுதி, பயிற்றுநர், தரை, பள்ளி மைதானம் எல்லாம் பொதுக்காசு. அங்கேதான் கேட்கிறோம்.

ஒன்று, விளையாட்டு விடுதிகளிலும் சிறப்பு மையங்களிலும் தேர்வுக்கு வந்தவர், எடுக்கப்பட்டவர் எண்ணிக்கையை ஒன்றிய வாரியாக, பிரிவு வாரியாக ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும்.

இரண்டு, நம் மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும் தேர்வு முகாம் நடத்த வேண்டும். அறிவிப்பை ஊராட்சிப் பலகையிலும் விடுதிகளிலும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். மட்டையும் காலணியும் முகாமில் கொடுக்க வேண்டும். மட்டை கொண்டுவா என்று சொல்கிற முகாம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.

மூன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தமிழ்நாடு 2024-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து ஒன்றியத்துக்கு ஒரு மைதானம், நம் குடியிருப்பை ஒட்டிய புறம்போக்கில். 124 சென்ட். சுந்தர்கரில் பதினேழு ஒன்றியத்துக்குத் திட்டமிட முடிந்ததை இங்கே ஒன்பதுக்குத் திட்டமிட முடியாதா?

நான்கு, ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று 2025-ல் பெயர் மாற்றினார்கள். வரவேற்கிறோம். பெயரோடு ஒரு பயிற்றுநரையும் அனுப்புங்கள். தங்க இடமும் சோறும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பன்போஷ் ஆவதற்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

டிராகன்ஸிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த நான்கு ஜூனியர் இடங்களுக்கு ஆள் தேடும்போது, தரை இல்லாத மாவட்டங்களுக்கும் ஒரு நாள் வாருங்கள். வாங்க வேண்டாம், பாருங்கள். தமிழ்நாடு என்ற பெயரைச் சட்டையில் போட்டிருப்பதற்கு அந்த ஒரு நாள் வாடகை அதிகமில்லை.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1893-ல் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிப் பொதுத்தெருவை எடுத்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்காகச் சண்டை போட்டார். 1936-ல் கோவில் கதவு திறந்தது. தெரு, பள்ளி, கோவில் என்று ஒவ்வொன்றும் யாரோ கேட்டதால் கிடைத்தது. தானாக எதுவும் திறக்கவில்லை. மைதானம் அந்த வரிசையில் அடுத்தது.

சர்க்கார் பதிவேடு வைக்கும் வரை காத்திருக்கப் போவதில்லை. ஒரு நோட்டு போட்டுவிட்டோம். எங்கள் குடியிருப்புகளிலிருந்து எந்தப் பிள்ளை எந்தத் தேர்வுக்குப் போனது, எந்தத் தேதி, உள்ளே விட்டார்களா, மட்டை கொடுத்தார்களா, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதிவருகிறோம். இதுவரை 23 பெயர்கள். உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள் தோழர்களே. அடுத்த ஏலம் வரும்போது விற்றவர்கள் பட்டியலை அவர்கள் வெளியிடட்டும். விடுபட்டவர்கள் பட்டியலை நாம் வெளியிடுவோம்.

ஜெய்பீம்.